புள்ளியும் பொருளும்

ஒருவர் எழுதிய கடிதத்தைக் கையில் எடுத்தவுடன் அவருடைய கல்வியைக் கையெழுத்தால் அளப்பாரும் உளர்; சொல்வளத்தால் அளப்பாரும் உளர். தமிழில் எழுதிய கடிதமாயின், அதில் இட்டிருக்கும் புள்ளிகளைக் கொண்டு அளப்பார் மிகச் சிலரே. காற்புள்ளி ஒன்று இடம் மாறி நின்றாலும் நாம் அதனைப் பொருட்படுத்தாமல் படித்துச் செல்கிறோம். பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலத்தில் நிலைமை அவ்வாறன்று. அங்கே ஒரு புள்ளி தவறினால் ஒரு தொடரே தவறிவிடுகிறது. சிறு குறிகள் என்று நாம் புறக்கணிப்பவை அம்மொழியில் சொற்களுக்கு ஒப்பான அதிகாரம் உடையவை.

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி ஆற்றியவன் நான். ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற பழைய மாணவர்கள், மாலை வேளைகளில் தம் ஆங்கிலக் கட்டுரை ஏடுகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவதுண்டு. அந்த ஏடுகளில் சிவப்பு மை மிகுதியாக வழிந்திருக்கும். சொற்பிழைகளைச் சுட்டிய கோடுகளைவிடப் புள்ளிப் பிழைகளைச் சுட்டிய வட்டங்களே அதிகமாயிருக்கும். ஓரத்தில் 'கவனக்குறைவு' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதப்பட்டிருக்கும். பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டு, "கவனமில்லாமல் எழுதிவிட்டேன், ஐயா" என்பார்கள்.

அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. கவனக்குறைவால் நேரும் பிழை கண்ட கண்ட இடத்தில் சிதறிக் கிடக்கும். இந்தப் பிழைகளோ வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பிள்ளைகளின் ஏடுகளில், ஒரே வகையான இடங்களில் வந்து நின்றன. ஒழுங்காக நிகழும் பிழைக்கு ஓர் ஒழுங்கான காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தைத் தேடியபோது அது பிள்ளைகளின் சோம்பலில் இல்லை, அவர்களுடைய தாய்மொழியின் அமைப்பில் இருக்கிறது என்பது புலனாயிற்று. தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் எச்சமும் செய்கின்ற வேலையில் ஒரு பெரும் பகுதியை ஆங்கிலத்தில் நிறுத்தற்குறிகள் செய்கின்றன. இந்த ஓர் உண்மையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சொல்லாததனால் அவர்கள் தமிழில் புள்ளி வைப்பது போலவே ஆங்கிலத்திலும் வைக்கிறார்கள்.

தமிழில் நாம் எவ்வாறு புள்ளி வைக்கிறோம்? பெயர்களை எண்ணிப் பார்த்தாலே விளங்கும். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று நாம் வழங்கும் பெயர்கள் யாவும் அளவைப் பெயர்கள். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று வாய்பாடு போலச் சொல்லிக் கொடுத்தோம். நாமும் அவ்வாறே கற்றோம். அதாவது, மூச்சை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதே புள்ளியின் இலக்கணமாயிற்று. வாய்விட்டுப் படிப்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

இந்த மாத்திரைக் கணக்கு நமக்கே உரியதும் அன்று. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில இலக்கண நூல்களும் ஏறக்குறைய இவ்வாறே கற்பித்தன. 1762இல் இராபர்ட் லௌத் எழுதிய இலக்கண நூலும், 1795இல் லிண்ட்லி மரே எழுதிய இலக்கண நூலும் குறிகளை நிறுத்தத்தின் கால அளவாகவே விளக்கின. ஒன்றைவிட அடுத்தது இருமடங்கு நீண்டது என்பது அவர்கள் கணக்கு. ஆனால், அதற்கு முன்னரே வேறொரு கருத்தும் ஐரோப்பாவில் தோன்றியிருந்தது. வெனிசு நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூசியஸ் என்பவர்தான் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரைப்புள்ளிக்கு இன்றைய வடிவத்தை வழங்கியவர். அவருடைய பேரர் 1566இல், குறிகளின் முதன்மையான பயன் தொடரின் அமைப்பைத் தெளிவுறுத்துவதே என்று எழுதினார். இன்றைய ஆங்கிலம் பேரரின் வழியையே பின்பற்றுகிறது. மூச்சுக்காக இட்ட புள்ளி மெல்ல மெல்ல அமைப்புக்காக இடும் புள்ளியாக மாறிவிட்டது. நம் பிள்ளைகளோ இன்னும் மூச்சின் கணக்கிலேயே நிற்கிறார்கள்.

தமிழுக்கு இக்குறிகள் பிந்தியே வந்தன. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவர்கள், ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் தலையில் இடவேண்டிய புள்ளியைக்கூட இடாமல் விட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளியும் இல்லை. கிரேக்கர் ஏடுகளும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தன. கி.மு. 200ஐ ஒட்டிய காலத்தில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராயிருந்த பைசாந்தியத்து அரிஸ்டோபனிஸ், படிப்பவர் நிறுத்தவேண்டிய இடங்களை வரியின் மேலும் நடுவிலும் கீழுமாகப் புள்ளி வைத்துக் காட்டினார் என்பர். கமா, கோலன் என்னும் ஆங்கிலப் பெயர்கள் கிரேக்கச் சொற்களின் வழி வந்தவை. முன்னது வெட்டிய துண்டு என்றும், பின்னது உறுப்பு என்றும் பொருள்படும். அவை முதலில் தொடரின் பகுதிகளுக்கே பெயராயிருந்து, பின்னர் அப்பகுதிகளைப் பிரிக்கும் குறிகளுக்குப் பெயராயின. தொடரின் உறுப்புகளைக் காட்டுவதே குறியின் தொழில் என்பது அப்பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது.

குறியில்லாமல் நம் முன்னோர் எவ்வாறு பொருள் தெளிந்தனர்? மொழியே அவர்களுக்குக் குறியாக இருந்தது. உரையாசிரியர்கள் ஒரு கருத்தை முடிக்குமிடத்தில் 'என்க' என்றும் 'என்றவாறு' என்றும் எழுதினார்கள். அவை சொல்லால் இட்ட முற்றுப்புள்ளிகள். பிறர் கூற்றை எடுத்துச் சொல்லி 'என்று', 'என' என முடித்தார்கள். அவை சொல்லால் இட்ட மேற்கோள்குறிகள். ஒரு செய்தியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது 'நிற்க' என்று எழுதும் வழக்கம் கடிதங்களில் நெடுங்காலம் இருந்தது. அது பத்தி பிரிக்கும் குறி. செய்யுளில் எந்தச் சொல்லை எந்தச் சொல்லோடு கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கு நன்னூலார் எட்டு வகைப் பொருள்கோள் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் அச்சும் உரைநடையும் வளர்ந்தபோது, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் பதிப்புகளிலும் உரைநடையிலும் நிறுத்தற்குறிகளை முறையாகப் பயன்படுத்தி வழிகாட்டினார். அக்குறிகள் தமிழுக்குப் பெருந்துணையாயின. ஆனால், அவை வந்து சேர்ந்த வீடு ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட வீடு. ஆங்கிலத்திலோ அவை வீட்டின் தூண்களாகிவிட்டன.

நிற்க. இனிச் சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

ஆங்கில வகுப்புகளில் வேடிக்கையாகச் சொல்லும் தொடர் ஒன்று உண்டு: 'லெட்ஸ் ஈட், கிராண்ட்மா.' பாட்டியைச் சாப்பிட அழைக்கும் தொடர் இது. காற்புள்ளியை எடுத்துவிட்டால் பாட்டியையே சாப்பிட அழைக்கும் தொடராகிவிடும். பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். தமிழாசிரியர் அந்தச் சிரிப்போடு விட்டுவிடலாகாது. தமிழில் இந்தக் குழப்பம் ஏன் வருவதில்லை என்று கேட்க வேண்டும். 'பாட்டி, சாப்பிடலாம்' என்பது விளி வேற்றுமை. 'பாட்டியைச் சாப்பிடலாம்' என்பது இரண்டாம் வேற்றுமை. 'ஐ' என்னும் உருபு அங்கே காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. ஆகவே, காவல் வேலையைக் காற்புள்ளி ஏற்றுக்கொள்கிறது. இவ்வாறு விளக்கினால், காற்புள்ளி மூச்சு வாங்கும் இடமன்று, விளியைக் காட்டும் அடையாளம் என்பது பிள்ளையின் மனத்தில் பதியும்.

அடுத்தது, நம் பிள்ளைகள் மிகுதியாகச் செய்யும் பிழை. 'த ரெயின் ஸ்டாப்ட், வீ வென்ட் ஹோம்' என்று எழுதுவார்கள். 'மழை நின்றது, நாங்கள் வீடு திரும்பினோம்' என்பதன் நேர் வடிவம் அது. தமிழில் முற்றுத் தொடர்களைக் காற்புள்ளியால் கோத்துச் செல்வதை யாரும் குறை கூறுவதில்லை. ஆங்கிலத்தில், தனித்து நிற்கும் ஆற்றலுடைய இரண்டு தொடர்களைக் காற்புள்ளி மட்டும் இணைக்க இயலாது. அதற்கு அந்த வலிமை இல்லை. முற்றுப்புள்ளி இட்டு இரண்டாக்கலாம், அரைப்புள்ளி இடலாம், காற்புள்ளியோடு 'அண்ட்' அல்லது 'சோ' என்னும் இணைப்புச் சொல்லைச் சேர்க்கலாம், அல்லது 'வென்' என்று தொடங்கி முதல் தொடரைச் சார்புத் தொடராக்கலாம். தமிழில் நல்ல எழுத்தாளர் இதனை எவ்வாறு எழுதுவார்? 'மழை நின்றதும் வீடு திரும்பினோம்' என்பார். 'நின்றதும்' என்ற ஒரு சொல்லில் இணைப்பும் காலமும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. 'நின்று', 'நின்றால்', 'நிற்க', 'நின்றதால்' என்று எத்தனை வடிவங்கள்! தொடர்களைக் கோக்கும் நூல் நம் மொழியில் வினையின் ஈற்றிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த நூலை வெளியிலிருந்து கொண்டுவந்து கட்ட வேண்டும்.

எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே காற்புள்ளி இடுவது மற்றொரு பிழை. 'மேல் அடுக்கில் உள்ள சிவப்பு அட்டை போட்ட நூல்கள், நூலகத்துக்கு உரியவை' என்று தமிழில் எழுதுகிறோம். எழுவாய் நீண்டுவிட்டதால் மூச்சு அங்கே ஓய்கிறது, காற்புள்ளி இடுகிறோம். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் இவ்வாறு இடுவதுண்டு. இன்றைய ஆங்கிலத்தில் அது பிழை. எழுவாய் எவ்வளவு நீண்டாலும் அதற்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி நிற்றல் ஆகாது. இடையில் ஒரு செருகல் தொடர் வந்தால், அதன் இரு பக்கமும் காற்புள்ளி வரலாம். ஒன்று வரலாகாது, இரண்டு வரலாம். அடைப்புக்குறி போல அவை இணையாகவே வரவேண்டும். இந்த 'ஒன்றும் இரண்டும்' என்னும் வேறுபாட்டில் எத்துணைப் பெரிய பொருள் வேறுபாடு அடங்கியிருக்கிறது என்பதை வாழ்க்கை ஒருமுறை எனக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியது.

1983ஆம் ஆண்டு. நான் அப்போது ஒரு இரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தோட்டம் கைமாறப் போவதாகச் செய்தி பரவியிருந்தது. ஒரு நாள் மாலை, பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தைக் கொண்டுவந்து, "வாத்தியாரய்யா, இதிலே நான் இருக்கேனான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். தொழிலாளர்க்கு வழங்கப்படும் உதவித் தொகை பற்றிய கடிதம் அது. அதன் தலையாய தொடர், 'த ஒர்க்கர்ஸ் ஹூ ஹேவ் சர்வ்ட் டென் இயர்ஸ், வில் ரிசீவ்' என்று தொடங்கியது. 'இயர்ஸ்' என்பதன் பின் ஒரே ஒரு காற்புள்ளி. அவர் அந்தத் தோட்டத்தில் சேர்ந்து ஒன்பது ஆண்டும் சில மாதங்களும் ஆகியிருந்தன.

காற்புள்ளியே இல்லாதிருந்தால், பத்து ஆண்டு பணியாற்றியவர்க்கு மட்டுமே தொகை என்பது பொருள். 'ஒர்க்கர்ஸ்' என்பதன் பின்னும் ஒன்று இருந்து இணையாகியிருந்தால், பணிக்காலம் பற்றிய அப்பகுதி வெறும் செருகலாகிவிடும். தொழிலாளர் அனைவர்க்கும் தொகை என்பது பொருளாகும். அங்கே நின்றதோ ஒற்றைக் காற்புள்ளி. அது மூச்சுக்காகத் தட்டச்சர் இட்ட மிகைப் புள்ளியா, அல்லது இணையில் ஒன்று விடுபட்டுப் போனதா என்று கடிதத்தை மட்டும் வைத்து யாராலும் கூற இயலாது. "இருக்கிறீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, அண்ணே. எழுதிக் கேட்போம்" என்றேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். படித்தவர் ஒருவர் கடிதத்தைப் படித்தும் பொருள் தெரியவில்லை என்று சொல்வது அவருக்குப் புதுமையாயிருந்தது. கடிதத்தை வாங்கி, நான் சுட்டிய புள்ளியைத் தம் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். அந்த விரலில் பால் கறை கறுத்துக் கிடந்தது.

கேட்டு எழுதினோம். ஒரு மாதத்துக்குப் பின் மறுமொழி வந்தது. பத்து ஆண்டு நிறைந்தவர்க்கு மட்டுமே என்று இம்முறை தெளிவாக எழுதியிருந்தார்கள். அவர் அதில் இல்லை. "தெரிஞ்சுபோச்சு, நல்லதுங்க ஐயா. ஒரு மாசமா மனசு கிடந்து அடிச்சுக்கிட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். புள்ளி அவருக்குத் தொகையை மறுக்கவில்லை, விதி மறுத்தது. ஆனால், ஒரு மாதம் அவரை நம்பிக்கைக்கும் ஏமாற்றத்துக்கும் நடுவே நிறுத்தி வைத்தது அந்தப் புள்ளிதான். தமிழில் 'பத்து ஆண்டு பணியாற்றிய தொழிலாளர்க்கு மட்டும்' என்றோ, 'தொழிலாளர் அனைவர்க்கும்' என்றோ எழுதியிருந்தால் இந்த இடர் நேர்ந்திராது. ஆங்கிலத்திலும் 'ஒன்லி' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம். சேர்க்காதபோது முழுப் பொறுப்பும் புள்ளியின் மேல் விழுகிறது.

இது ஒரு தோட்டத்துச் செய்தி. நாடறிந்த வழக்குகளும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், மிகைநேர ஊதியம் பெறும் உரிமை இல்லாத வேலைகளைச் சட்டம் ஒன்று வரிசைப்படுத்தியிருந்தது. உணவுப் பொருள்களைக் குப்பியில் அடைத்தல், பதப்படுத்தல், உலர்த்துதல், சேமித்தல் என்று சென்ற அந்த வரிசையின் இறுதியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. 'ஷிப்மெண்ட்' என்பதன் பின் காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் வண்டியோட்டிகள் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள்; பொதியிடுபவர்கள் அல்லர். அனுப்புவதற்காகவோ வழங்குவதற்காகவோ 'பொதியிடுதல்' ஒன்றே அங்கே சொல்லப்பட்டிருக்கிறது, வழங்குதல் தனி வேலையாகச் சொல்லப்படவில்லை என்று அவர்கள் வாதிட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தொடர் ஐயத்துக்கு இடமானது என்று கண்டு, தொழிலாளர் பக்கமே பொருள் கொண்டது. 2018இல் நிறுவனம் 50 இலட்சம் டாலருக்கு இணக்கம் செய்துகொண்டது. மாநிலச் சட்டமன்றமும் அந்த வரிசையை அரைப்புள்ளிகள் இட்டுத் திருத்தி எழுதியது.

இத்தொடரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'அனுப்புவதற்கோ வழங்குவதற்கோ பொதியிடுதல்' என்று எழுதினால் ஒரு பொருள். 'அனுப்புவதற்குப் பொதியிடுதலும் வழங்குதலும்' என்று எழுதினால் மற்றொரு பொருள். 'ஓ'வும் 'உம்'மும் எங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே போதும். எண்ணும்மை என்று நன்னூல் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த அந்தச் சிறு இடைச்சொல், கடல் கடந்த நாட்டில் 50 இலட்சம் டாலர் பெறுமான வேலையைச் செய்யவல்லது! பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் வரும் 'அண்ட்' அல்லது 'ஆர்' என்பதற்கு முன்னும் காற்புள்ளி இடுவதை ஆக்ஸ்போர்டு முறை என்பர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழக்கம் அது. பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் பெரும்பாலும் அதனை இடுவதில்லை. எம்முறையைப் பின்பற்றினாலும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்கலாகாது. பொருள் மயங்குமிடத்தில் தயங்காமல் இட்டுவிட வேண்டும்.

கனடாவில் நிகழ்ந்த வழக்கு இன்னும் நயமானது. ரோஜர்ஸ், அலியண்ட் என்னும் இரண்டு நிறுவனங்கள் மின்கம்பங்களைப் பயன்படுத்துவது பற்றி ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்திருந்தன. ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்னும் விதி, முதல் ஐந்தாண்டுக்கும் பொருந்துமா, அதன் பின் வரும் நீட்டிப்புக் காலத்துக்கு மட்டும் பொருந்துமா என்பது வினா. 2006இல் தொலைத்தொடர்பு ஆணையம், அவ்விதிக்கு முன் நின்ற ஒரு காற்புள்ளியைச் சுட்டி, முதல் ஐந்தாண்டுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அவ்வொப்பந்தத்துக்குப் பிரெஞ்சு மொழி வடிவமும் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தபோது ஐயத்துக்கு இடமே இல்லை. 2007இல் ஆணையம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. ஒரு மொழியில் புள்ளி மயங்கிய இடத்தில் மற்றொரு மொழியின் அமைப்பு விளக்கேற்றியது. இரு மொழி கற்பவன் இழப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, கண்ணுக்கு மட்டுமே புலனாகும் ஒரு குறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாஸ்டிரபி என்று ஆங்கிலத்தார் வழங்கும் மேற்புள்ளியே அது. தமிழில் அதற்கு ஈடான குறி வழக்கில் இல்லை. அதனாலேயே நம் பிள்ளைகள் அதனிடம் மிகுதியாக இடறுகிறார்கள். 'பாய்ஸ்' என்று உச்சரித்தால் மூன்று சொற்கள் ஒரே ஒலியில் அடங்கும். குறியே இல்லாவிட்டால் பையன்கள். எஸ் எழுத்துக்கு முன் குறி நின்றால் பையனுடைய. எஸ் எழுத்துக்குப் பின் நின்றால் பையன்களுடைய. தமிழில் இம்மூன்றும் மூன்று வேறு சொற்கள், காதே பிரித்தறியும். ஆங்கிலத்தில் காது கைவிட்டுவிடுகிறது. ஆகவே, 'வாய்விட்டுப் படித்துப் பார்த்துப் புள்ளி வை' என்னும் அறிவுரை இங்கே சிறிதும் பயன்படாது.

எங்கள் மாணவர்க்கு இதனை விளக்க நான் கையாண்ட எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பகாங்கில் உள்ள மலை வாழிடத்தை ஆங்கிலத்தில் 'ஃபிரேசர்'ஸ் ஹில்' என்று மேற்புள்ளி இட்டு எழுதுகிறோம். மலாய் மொழியில் 'புக்கிட் ஃபிரேசர்' என்று சொல்லை முன்பின்னாக வைத்த அளவிலேயே உடைமை விளங்கிவிடுகிறது. தமிழில் 'பிரேசர் மலை' என்று உருபு தொக்க தொகையாகவும், 'பிரேசரது மலை' என்று உருபு விரித்தும் சொல்லலாம். ஒரே மலை, ஒரே உடைமை. ஒரு மொழி சொல்வரிசையால் காட்டுகிறது. ஒரு மொழி உருபால் காட்டுகிறது. ஒரு மொழி எழுத்தோடு சேர்ந்த ஒரு கீற்றால் காட்டுகிறது. மூன்று மொழி கற்கும் நம் நாட்டுப் பிள்ளைக்கு இந்த ஒப்பீடு கைமேல் கிடைக்கும் செல்வம்.

'இட்ஸ்' என்னும் சொல்லில் மட்டும் சிறிது விழிப்பு வேண்டும். மேற்புள்ளியோடு எழுதினால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கம். மேற்புள்ளி இன்றி எழுதினால் 'அதனுடைய' என்று பொருள். உடைமை என்றால் மேற்புள்ளி உண்டு என்று கற்ற பிள்ளை இங்கே மயங்குவது இயல்பு. 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'தெய்ர்ஸ்' ஆகிய உடைமைச் சொற்களுக்கு மேற்புள்ளி இல்லை. 'இட்ஸ்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டால் மயக்கம் நீங்கும். கடைப் பலகைகளில் பன்மைச் சொற்களுக்கெல்லாம் மேற்புள்ளி இட்டு எழுதியிருப்பதைக் காண்கிறோம். அதைக் கண்டு எழுதும் பிள்ளையையும் திருத்த வேண்டும். பன்மைக்கு மேற்புள்ளி வேண்டுவதில்லை.

வினாக்குறியும் மேற்கோள்குறியும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'வருகிறாயா' என்பதில் ஈற்றில் நிற்கும் 'ஆ' என்னும் வினா இடைச்சொல்லே வினாவை உணர்த்திவிடுகிறது. வினாக்குறி இடாவிட்டாலும் அது வினாதான். ஆங்கிலத்தில் 'யூ ஆர் கமிங்' என்பது முற்றுப்புள்ளியோடு செய்தி, வினாக்குறியோடு வினா. குறியைத் தவிர ஏட்டில் வேறு சான்று இல்லை. இதற்கு மாறாக, 'நான் வருகிறேனா என்று அவன் கேட்டான்' என்பதை ஆங்கிலத்தில் அயற்கூற்றாக எழுதும்போது, தமிழில் உள்ள 'ஆ'வின் நினைவால் வினாக்குறி இட்டுவிடுகிறார்கள். அயற்கூற்றில் வினா அடங்கிவிடுவதால் முற்றுப்புள்ளியே வரவேண்டும். மேற்கோள்குறியும் இவ்வாறே. 'என்று' என்னும் சொல் பிறர் கூற்று முடிந்த இடத்தைத் தமிழில் தெளிவாகக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் தொடங்கிய குறியை முடிக்க மறந்தால், யார் பேசுகிறார் என்பதே தெரியாமல் போகும். அமெரிக்கர் இரட்டைக் குறியை இட்டு, முற்றுப்புள்ளியையும் காற்புள்ளியையும் அதனுள்ளே வைப்பர். பிரிட்டிஷ் நூல்களில் ஒற்றைக் குறி மிகுதி. முற்றுப்புள்ளி மேற்கோளுக்கு உரியதாயின் உள்ளும், முழுத் தொடருக்கு உரியதாயின் வெளியும் நிற்கும். பள்ளி எதனைப் பின்பற்றுகிறதோ அதனை மாறாமல் பின்பற்றுவதே முறை. வியப்புக்குறியைப் பற்றி ஒரு சொல் போதும்: மேடையில் கையை உயர்த்துவது போன்றது அது, ஒவ்வொரு தொடருக்கும் உயர்த்தினால் எவரும் கவனியார்.

ஆசிரியப் பெருமக்கள் இதற்கென்று தனிப் பாடவேளை ஒதுக்க வேண்டுவதில்லை. என் பட்டறிவில் பயன் தந்த மூன்று பயிற்சிகளை இங்கே சொல்கிறேன். முதலாவது, தமிழ் இலக்கணம் நடத்தும்போதே ஓர் உருபையோ இடைச்சொல்லையோ காட்டி, 'இந்த வேலையை ஆங்கிலத்தில் எது செய்கிறது?' என்று கேட்பது. சில இடங்களில் ஒரு சொல் செய்யும். சில இடங்களில் சொல்வரிசை செய்யும். சில இடங்களில் புள்ளி செய்யும். இரண்டாவது, ஆங்கிலத் தொடரில் இணைக் காற்புள்ளிகளுக்கு இடையே உள்ள பகுதியை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்வது. எஞ்சிய தொடர் முழுமையாகவும் உண்மையாகவும் நின்றால் புள்ளிகள் சரி. பொருள் மாறினால் அங்கே புள்ளி வரலாகாது. மூன்றாவது, ஒரு பத்தியைப் புள்ளி எதுவும் இன்றி எழுதிக் கொடுத்து, பிள்ளைகளையே இடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பது. 'மூச்சு நின்றது' என்பது காரணமாகாது. 'இங்கே விளி', 'இங்கே செருகல்', 'இங்கே இரு முற்றுத் தொடர்' என்று சொல்ல வேண்டும்.

'தமிழாசிரியர்க்கு ஆங்கிலப் புள்ளியோடு என்ன வேலை?' என்று வினவுவார் சிலர். அந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர் இல்லை என்பேன். ஆங்கில ஆசிரியர் பிழையைக் காண்பார். அது எங்கிருந்து பிறந்தது என்பதைக் காண்பது, தமிழ் அறியாதவர்க்கு அரிது. நாம் அதனை அறிவோம். மேலும், தன் தாய்மொழி குறைவுடையது என்பதால் தான் பிழை செய்வதாக எண்ணும் பிள்ளைக்கு, உன் மொழி அந்த வேலையைச் சொல்லுக்குள்ளேயே முடித்துவிட்டது என்று எடுத்துச் சொல்ல நம்மால்தான் இயலும். அவ்வாறு சொல்லும்போது ஆங்கிலத்தையும் தாழ்த்த வேண்டுவதில்லை. உருபுகள் பல தேய்ந்துபோன ஒரு மொழி, சொல்வரிசையையும் சிறு சொற்களையும் சில புள்ளிகளையும் கொண்டு உலகத்துச் சட்டங்களையும் அறிவியலையும் எழுதும் ஆற்றல் பெற்றிருப்பது மதிக்கத்தக்கதே.

'கவனக்குறைவு' என்னும் சிவப்பு மைச் சொல்லுக்கு மாற்றாக, 'இங்கே தமிழில் உருபு. ஆங்கிலத்தில் புள்ளி' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்த ஏடுகளில், அடுத்த மாதம் அதே பிழை குறைந்திருக்கக் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் தலை குனிவதும் குறைந்தது. இனி வரும் தலைமுறையில், கடிதத்தை நீட்டி "நான் இதில் இருக்கிறேனா?" என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கு விடை சொல்பவர்களும், அவர்களுக்காக அத்தகைய கடிதங்களை ஐயத்துக்கு இடமின்றி எழுதுபவர்களும் நம் வகுப்பறைகளிலிருந்தே புறப்பட வேண்டும்.